மாமாவின் மீன் லாரி ஏன் நின்றது?

டீசல் வெளியே சொட்டினால் தரை காட்டிக்கொடுத்துவிடும். சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கிற ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மணமேல்குடியில் என் தாய்மாமாவின் பழைய மினி லாரி ஆறு மாதமாக எங்களை அப்படித்தான் படுத்தியது.

மாமாவுக்குத் தொழில் மீன் ஏற்றுவது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக விடிவதற்குள் திருச்சி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. லாரியும் வேப்பமரத்தடியில் நிற்கும். இந்த முறை தடைக்காலம் முடிந்து ஓடத் தொடங்கியதிலிருந்து, திடீர் திடீரென்று நடுவழியில் திணறித் திணறி அணைந்தது. கை பம்ப்பை அடித்து ஏர் எடுத்தால் கிளம்பும். பத்து கிலோமீட்டரில் மறுபடி நிற்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்!

ஒரு நாள் ஐஸ் கரைந்து, சந்தை முடிந்த பிறகுதான் லோடு போய்ச் சேர்ந்தது. வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்ட வியாபாரி, "இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பாத்துக்குறேன்" என்றார். வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அத்தை.

சின்னக் காற்றுக்குமிழ் எப்படி ஒரு லாரியையே நிறுத்தும்? பழைய டீசல் என்ஜினில் நாசில் திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. டீசலை அழுத்தினால் அது சுருங்காது, நாசிலைத் திறந்துகொண்டு பாயும். காற்று சுருங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை, ருடால்ஃப் டீசலின் முதல் என்ஜினில் எரிபொருளை உள்ளே தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான். அதற்குத் தனி கம்ப்ரஸர் வேண்டும், லாரிக்கு அது சரிப்படாது. 1927-ல் பாஷ் நிறுவனம் டீசலையே அழுத்தும் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் லாரிக்காரர்கள் இன்னமும் 'மைக்கோ பம்ப்' என்கிறார்களே, அந்த மைக்கோ 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாஷின் இந்திய நிறுவனம்.

மாமா முதலில் பணத்தை இறைத்தது பம்ப்பில்தான். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பம்ப், நாசில் இரண்டையும் கழற்றிச் சரிபார்த்து பில் போட்டார்கள். ஃபில்டர் மாற்றினார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் வண்டி நிற்கவே இல்லை. "டிரைவர் ஓட்டுறதுல இருக்கு" என்று சொன்னதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக அந்த வண்டியின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றுகிறவர் அவர்.

கடைசியில் எங்கள் பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். ஊருக்கே அவர் 'பாய்'தான். அவர் ஒரு கேனில் டீசல் ஊற்றி கேபின் மேலே கட்டினார். அதிலிருந்து ஒரு டியூபை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். அறந்தாங்கி வரை போய் வந்தோம், ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆக, பம்ப் மேல் குற்றமில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். அங்கே டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது, அதனால் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும்.

பழைய ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற டியூபை மாட்டினார் பாய். குமிழ் ஒன்றுகூட வரவில்லை. சற்று நேரம் பீடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தவர், "தம்பி, வண்டி நின்னப்பல்லாம் டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?" என்றார்.

மாமாவுக்குத் தெரியாது. டீசல் கேஜ் செத்துப் பல வருஷம். ஆனால் பங்க் ரசீது ஒன்றையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. டேஷ்போர்டு பெட்டியில் கட்டுக்கட்டாக இருந்தன. லோடு நோட்டில் வண்டி நின்ற தேதிகளையும் குறித்து வைத்திருந்தார். இரண்டையும் போனில் ஏற்றி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கிலோமீட்டர் கணக்கு போட்டேன். டேங்க் நிரப்பிய நாளில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. கையில் காசில்லாமல் 2,000 ரூபாய்க்கு மட்டும் போட்ட நாள்களில்தான் நின்றிருக்கிறது.

"ஒர்க்‌ஷாப்புக்குப் போனப்ப டீசல் இருந்துச்சா மாமா?"

"டேங்க் ஃபுல்லும்மா. டீசல் இல்லாமத்தான் நிக்குதுன்னு எவனும் சொல்லிரக் கூடாதுல்ல?"

பாய் சிரித்துவிட்டார். பாதி டீசலை வடித்துவிட்டு என்ஜினை ஓடவிட்டார். டியூபில் பாசிமணி கோத்ததுபோலக் குமிழ்கள் வந்தன. டேங்குக்குள் இறங்கும் குழாயை உருவிப் பார்த்தால், நட்டநடுவில் துரு தின்ற ஊசித் துளை. டீசல் அதற்கு மேலே இருக்கும்வரை துளையும் டீசலைத்தான் இழுக்கும். மட்டம் இறங்கினால் காற்றை இழுக்கும். கடற்கரைக் காற்றில் டேங்க் பாதி காலியாக இரண்டு மாதம் நின்றதில் வந்த துரு என்பது பாயின் கணிப்பு.

பித்தளை வைத்துப் பற்றவைக்க 200 ரூபாய். பம்ப்புக்குச் செலவழித்ததைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

போன வாரம் மாமா வேண்டுமென்றே 2,000 ரூபாய்க்கு மட்டும் டீசல் போட்டுக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினார். அதிகாலை மூன்றரைக்கு மார்க்கெட்டிலிருந்து அத்தைக்கு போன். சங்கரா என்ன விலை போகிறது என்று பேசினாராம். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.