வீட்டுத் தொழிலுக்கு எதற்கு சி.ஆர்.எம்.?

கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சி.ஆர்.எம். இந்தப் பெயரைக் கேட்டதும் பி.காம். மாணவர்களுக்கு மார்க்கெட்டிங் பேப்பரில் வரும் ஐந்து மார்க் கேள்வி ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்கு "சார், லோன் வேணுமா?" என்று மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கும் போன் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக் கூடத்தில் தையல் மிஷின் போட்டு லெதர் பர்ஸ் தைக்கிற ஒருவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கொஞ்சம் நிறையவே இருக்கிறது!

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யார் வாங்கினார், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், பாக்கி எவ்வளவு, அடுத்து எப்போது அவரிடம் பேச வேண்டும். இந்த ஐந்து கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைத்தால் அதுதான் சி.ஆர்.எம். அது கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி, நீள நோட்டில் இருந்தாலும் சரி.

"அதான் கணக்கு நோட்டு இருக்கே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கடைகளில் இருக்கும் கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கடன் வாங்கியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். கையில் காசு கொடுத்து வாங்கிப் போனவர் "ரொக்க விற்பனை" என்ற ஒரே வரியில் காணாமல் போயிருப்பார். பாக்கி வைத்தவரை மறக்காமல், ஒழுங்காகக் காசு கொடுத்தவரை மறந்துவிடுகிற நோட்டு அது! லெட்ஜர் பணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

சரி, இப்போது வேலூர்ப் பக்கம் வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களுக்குத் தோல்தான் சோறு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் தொழில் ஒன்றுதான். டேனரியில் பதமாகும் தோல், ஷூ கம்பெனியில் வெட்டுப்பட்டு, அதில் ஒரு பகுதி மூட்டையாகக் கட்டி வீடுகளுக்கு வருகிறது. ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைக்கும் வேலை, ஜோடிக் கணக்கில் கூலி. செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிரிட்டனிலும் பெங்களூரிலும் உள்ள தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2016-ல் ஆம்பூர்ப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. வெளிநாட்டுக் கடையில் 40 பவுண்டுக்கும் அதற்கு மேலும் விற்கும் ஷூவுக்கு, வீட்டில் தைக்கும் பெண்ணுக்குக் கிடைத்தது ஜோடிக்கு 10 பென்ஸுக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்கூட இல்லை.

இவர்களுக்கு சி.ஆர்.எம். சாப்ட்வேர் தேவையா? நேர்மையான பதில், தேவையில்லை. ஏனென்றால் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு வாடிக்கையாளர், மூட்டை கொண்டுவரும் ஏஜென்ட். வெளிநாட்டு வியாபாரியைக் கம்பெனிக்குத் தெரியும். கம்பெனியை ஏஜென்டுக்குத் தெரியும். தைக்கிறவருக்குத் தெரிந்தது ஏஜென்டின் போன் நம்பர் மட்டும். பாடப் புத்தகத்தில் வாடிக்கையாளர் உறவு ஒரு சொத்து என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொத்து யார் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. 2020 ஊரடங்கில் வேலை நின்றபோது இப்படிப்பட்டவர் கூப்பிட்டுக் கேட்க இரண்டாவது பெயர் ஒன்று இருந்திருக்காது.

அதே தெருவில் இன்னொருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய தோல் துண்டுகளை வாங்கிவந்து பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து செய்து சொந்தமாக விற்கிறார். தைக்கும் கை ஒன்றுதான், தொழில் வேறு. இவருக்குத்தான் சி.ஆர்.எம். தேவை.

வேடிக்கை என்னவென்றால், அந்த சாப்ட்வேரும் தமிழ்நாட்டிலேயே தயாராகிறது. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் மற்றவர்களும் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் 2005-ல் ஜோஹோ சி.ஆர்.எம்.மைக் கொண்டுவந்தது. 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது. மூன்று பேர் வரை பயன்படுத்த இலவசப் பதிப்பு உண்டு. சின்ன வியாபாரங்களுக்கென்றே பிகின் என்ற எளிய வடிவத்தை 2020-ல் வெளியிட்டார்கள். அதுவும் அதிகம் என்றால், 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கிறது. புது வாடிக்கையாளர், பணம் வரவேண்டும், பணம் வந்துவிட்டது, ஆர்டர் முடிந்தது என்று ஒவ்வொரு பெயருக்கும் கலர் கலராக லேபிள் ஒட்டலாம்.

எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் 60 பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு 500 ரூபாய். மொத்தம் 30,000. அடுத்த வருடம் புதிதாக 60 பேரைத் தேடுவது பெரும்பாடு. பழைய 60 பேரில் 20 பேர் திரும்ப வந்தாலே 10,000 ரூபாய், தேடி அலையாமல் வந்துவிடும். அவர்கள் திரும்பி வர என்ன செய்ய வேண்டும்? "கறுப்பு பெல்ட், 36 அளவு, தை மாதம் தங்கை கல்யாணம்" என்று அன்றைக்கே குறித்துவைத்தால், மார்கழியில் "கல்யாணத்துக்குக் கொடுக்கப் பர்ஸ் வேணுமாண்ணா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பலாம். சாப்ட்வேர் செய்வது அந்தத் தேதியை ஞாபகப்படுத்துவது மட்டும்தான். பேச வேண்டியது மனிதர்தான்.

இன்னொரு உபயோகமும் உண்டு. பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பாதி வருமானம் ஒரே கடைக்காரரிடமிருந்து வருவது தெரியும். சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் பயப்படுங்கள்! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கே அப்படியென்றால் வீட்டுத் தொழிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் சில எச்சரிக்கைகள். எழுதாவிட்டால் எந்த சாப்ட்வேரும் வெறும் பெட்டிதான். ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர் மாதச் சந்தா கட்டக் கூடாது. எல்லாம் ஒரே போனில் இருந்து, அந்தப் போன் தண்ணீரில் விழுந்தால் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே மூழ்குவார்கள். மாதம் ஒருமுறை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வாங்கியவர் கொடுத்த நம்பரை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்த நம்பர் அது.

மூட்டைக்குத் தைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. இருபது ரூபாய் நோட்டு ஒன்று, அதில் ஐந்து கட்டம். தேதி, வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, பேசிய கூலி, வந்த பணம். "போன வாரம் நாப்பது ஜோடிதானேம்மா?" என்று ஏஜென்ட் கேட்கும்போது, "இல்லண்ணா, நாப்பத்தஞ்சு" என்று தேதியோடு எடுத்துக் காட்டலாம். அந்த ஐந்து ஜோடிக் கூலியைக் காப்பாற்றிக் கொடுப்பதும் சி.ஆர்.எம்.தான். பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் விழுமா என்பது வேறு விஷயம்!