கோட்டுக்கு வெளியே

1966இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பில் ரஸ்ஸலிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்கு அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்திருந்த நேரம் அது. என்.பி.ஏ. போட்டிகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கருப்பர் அவர்தான். வெள்ளை ஆட்டக்காரர்களைப் பாரபட்சமில்லாமல் நடத்த முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்றார் ரஸ்ஸல். அதற்குமுன் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த வெள்ளையர்களிடம் கருப்பர்களைப் பற்றி யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா?

ஆட்டக்காரராக அவர் அந்த ஆண்டோடு ஒன்பது பட்டங்களை வென்றவர். அந்த உடம்பின்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. தலையின்மேல்தான் சந்தேகம்.

முதல் வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவரே ஆட வேண்டும், அவரே பயிற்சியாளர். துணைப் பயிற்சியாளர் என்று ஒருவரும் கிடையாது. வில்ட் சேம்பர்லினோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்கிக்கொண்டே, யாரை வெளியே எடுப்பது, யாரை உள்ளே விடுவது என்று யோசிக்க வேண்டும். 81 ஆட்டங்களில் 60 வெற்றி. குறைச்சல் இல்லைதான். ஆனால் சேம்பர்லினின் பிலடெல்பியா அணி 68 ஆட்டங்களை ஜெயித்திருந்தது. 1967இல் கிழக்குப் பிரிவு இறுதியில் 4க்கு 1 என்று செல்டிக்ஸை நொறுக்கியது. எட்டு வருஷத் தொடர் வெற்றி அறுந்தது. பாஸ்டன் செத்துப்போச்சு என்று பிலடெல்பியா கூட்டம் கூச்சல் போட்டது.

நல்ல ஆட்டக்காரர் பயிற்சியாளராகித் தடுமாறுவது எங்கும் நடப்பதுதான். தறியில் உட்கார்ந்தவரின் காலும் கையும் தானாக ஓடும். எப்படி என்று சொல்லச் சொன்னால் திணறிப்போவார். நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் 1980இல் மாஸ்கோவில் ஹாக்கித் தங்கம் வென்ற அணியின் கேப்டன். 2000இல் சிட்னிக்குப் பயிற்சியாளராகப் போனபோது, போலந்து கடைசி நிமிஷங்களில் போட்ட ஒரு கோலால் அரையிறுதி கைநழுவியது. இந்தியா ஏழாவது இடம். அது ஆட்டத்தில் நேர்ந்த தோல்வி.

நம்மவர் தோற்றால் அது ஆட்டத்தோடு முடிவதில்லை. பிறப்பில் போய் நிற்கும். தோற்பது இருக்கட்டும், நடத்திப் பார்க்கவே விடுவார்களா? பல்வங்கர் பாலுவைப் பாருங்கள். தீண்டப்படாதவர் என்பதால் புனேயில் ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தனியாக மண் குவளையில் தேநீர். அவர் வீசிய பந்து மட்டும் தீட்டில்லை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். இந்து அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. போராடித்தான் 1923இல் தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது. கை அவர்களுக்கு வேண்டும். தலை வேண்டாம்.

ரஸ்ஸலுக்கு இரண்டாவது வருஷம் கொடுத்தார்கள். 1968இல் அதே பிலடெல்பியாவிடம் 3க்கு 1 என்று பின்தங்கிய பிறகு மூன்று ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து, பட்டத்தையும் எடுத்தார். 1969இலும் எடுத்தார். இந்த இரண்டு பட்டங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த 1967தான் முக்கியம். அந்தக் கோடையில் அவரை அனுப்பியிருந்தால் 'நாங்கள் அப்பவே சொன்னோமே' என்பதே வரலாறாகியிருக்கும்.

எங்கள் படவேட்டுப் பக்கம் கபடிக்குப் பேர்போன ஒரு அண்ணன் இருக்கிறார். காலனிக்காரர். ஆரணி, போளூர், கண்ணமங்கலம் என்று எங்கே போனாலும் அவர் பாடி வருவதைப் பார்க்கவே கூட்டம் சேரும். ஜெயித்த அன்றைக்கு ஊர்த்தெரு ஆட்களும் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். தெருமுனை வந்ததும் இறக்கிவிடுவார்கள், அது வேறு கதை. முழங்கால் போனபிறகு, ஊரும் காலனியும் கலந்த அணிக்கு அவரைக் கோச்சாகப் போட்டார்கள். முதல் வருஷம் நாலு போட்டி. நாலிலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள்.

அண்ணனுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்பதும் உண்மைதான். கோட்டுக்கு வெளியே நின்று "பாயுடா, பாயுடா" என்று கத்துவார். "எப்பண்ணா பாயணும்?" என்பான் பையன். "அப்பத்தான்டா!" என்பார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "அவனுங்களுக்கு ஆட வரும்பா, ஆள வருமா?" அவருக்கு முன்னால் கோச்சாக இருந்தவர் ஊர்த்தெருக்காரர். மூணு வருஷம் ஒரு கோப்பையும் கொண்டுவரவில்லை. அப்போது இதே வாய்கள் "டைம் சரியில்ல" என்றன.

போன மாதம் மைதானத்துக்குப் போயிருந்தேன். வாழைத்தோட்ட வேலை முடித்துப் பையன்கள் அப்போதுதான் வந்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்புப் பொடியால் பாதம் பாதமாக வரைந்து வைத்திருந்தார் அண்ணன். ஒவ்வொரு பாதத்திலும் பையன்களை நிறுத்தி, மெதுவாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"எப்ப பாயணும்னு கேட்டான் இல்ல, அதுக்குத்தான் தம்பி. ராத்திரில படுத்துகினு, நான் எங்க காலு வெச்சேன்னு யோசிச்சி யோசிச்சி போட்டது. இன்னும் ரெண்டு காலு எங்கன்னு பிடிபடல."

தை கழிந்ததும் கமிட்டி கூடுகிறது. கோச்சை மாற்றுவது பற்றி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள்.