பச்சைப்புறாவும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்



கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. செல்போனை ரொம்ப நேரம் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இந்தப் பதிவை இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தமிழய்யாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

நான் காலையில் நடக்கும் வழியில் ஓர் ஆலமரம் இருக்கிறது. நம் பக்கம் ரோட்டோர ஆலமரங்களில் தப்பிப் பிழைத்த ஒன்று. போன செவ்வாய்க்கிழமை அதன் கீழே நின்றேன். மரம் நிறையச் சிவப்புப் பழம். தலையில் பழத்துணுக்கு விழுந்துகொண்டே இருக்கிறது, மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் ஏதோ விசேஷத்துக்குச் சரவெடி போட்டார்கள். நம்மூரில் வெடிக்கு என்ன பஞ்சம்! படபடவென்று சிறகுச் சத்தம். முப்பது நாற்பது இலைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்த மாதிரி இருந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதே வார்த்தையை ஒரு பையன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

1991 அல்லது 92 இருக்கும். எட்டாம் வகுப்பு, அறிவியல் பாடம். வீட்டில் தீப்பெட்டி ஒட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை அவன். அன்றைக்கு முதல் பீரியடு முடியும்போதுதான் வந்தான். ஏன் லேட் என்று கேட்டேன்.

"ஆலமரத்துல பச்சைப் புறா சார். இலையெல்லாம் பறந்து போற மாதிரி போச்சு சார். காலு மஞ்சள் பூசுன மாதிரி இருந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."

எனக்குத் தெரிந்தது மரகதப்புறா ஒன்றுதான். அது நம் மாநிலப் பறவை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். "அது காட்டுல இருக்கும்டா. உன்னைப் பார்க்கத் திருத்தங்கலுக்கு பஸ் ஏறி வந்துச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது. பொய் சொன்னதற்காக என்று சொல்லி, ஸ்கேலால் கையில் இரண்டு அடி. அழவில்லை, போய் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவன் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அவன் வரவில்லை.

செவ்வாய்க்குப் பிறகு தினமும் அந்த மரத்தடிக்குப் போகிறேன். பேரன் கொடுத்த பைனாகுலர் கையில். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மாடப்புறா அளவுதான். தலை சாம்பல் நிறம், கழுத்தும் மார்பும் மஞ்சள் கலந்த பச்சை. தோளில் கத்திரிப்பூ நிறத்தில் சின்னத் திட்டு. கால் அசல் மஞ்சள்! பச்சைப்புறா இனங்கள் பலவற்றுக்குக் கால் சிவப்பு, இதற்கு மஞ்சள் என்பதால் பெயரே மஞ்சள்கால் பச்சைப்புறா. மகாராஷ்டிராவில் 'ஹரியல்' என்பார்கள், அங்கே இதுதான் மாநிலப் பறவை. நான் குழப்பிக்கொண்ட மரகதப்புறாவுக்குச் சிறகு மட்டும்தான் பச்சை, அலகு சிவப்பு. அது காட்டில் தரையில் நடந்து இரை பொறுக்கும். இதுவோ மரத்தை விட்டு இறங்குவதே அபூர்வம். கிளி மாதிரி கிளையில் தலைகீழாகத் தொங்கிப் பழம் பறிக்கிறது. ஆல், அரசு, அத்தி, இச்சி இவைதான் இதன் அன்னதானச் சத்திரங்கள். ஆபத்து என்று பட்டால் ஆடாமல் அசையாமல் இலையோடு இலையாக உட்கார்ந்துவிடும். குரலும் மாடப்புறாவின் குமுறல் இல்லை, மெல்லிய சீட்டி. விடிந்ததும் மரத்தின் உச்சிக்கிளையில் வெயில் காயும். பார்ப்பதற்கு அதுதான் நேரம்.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். பழம் தின்னும் பறவையெல்லாம் விதை பரப்பும் என்று உங்களுக்கு நோட்ஸ் கொடுத்தேன் இல்லையா? மைனாவும் குயிலும் பரப்பும். கோபுரத்திலும் சுவரிலும் ஆலங்கன்று முளைப்பது அப்படித்தான். ஆனால் பச்சைப்புறாவின் இரைப்பை உரல் மாதிரி, கடுகினும் சிறிய ஆல விதையைக்கூட அரைத்துவிடும். எத்தனை வருஷம் அந்த நோட்ஸை மாற்றாமல் வாசித்திருக்கிறேன்!

அந்தப் பையன் பெயர் நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை, அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம். இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால், சார் பார்த்துவிட்டார், நீ சொன்னது சரி என்று முதலில் சொல்லுங்கள். மன்னிப்பை நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். அவன் இருக்கும் ஊருக்கு நானே வருகிறேன். அவனுக்கு இஷ்டமிருந்து இங்கே வந்தால் இன்னும் நல்லது, காலை ஆறரைக்கு மரத்தடியில்தான் இருப்பேன்.

மரத்தில் பழம் இன்னும் பத்து நாளைக்கு இருக்கும்.