கொண்டை வெளுத்த இளஞ்சேவல்: திருத்தணி வட்டாரத்தில் கோழி பார்க்கும் கைவினை

திருத்தணி வட்டாரத்துச் சிற்றூர்களில் நாட்டுக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களுள் சிலருக்கு, சீக்கு வந்த கோழியைத் தூக்கிப் பார்த்துக் காரணம் சொல்லும் தேர்ச்சியும் உண்டு. சான்றிதழோ பெயர்ப்பலகையோ இல்லாத இத்தேர்ச்சியைக் கைவினை என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் அது விரல்களின் பழக்கத்தாலும், பல ஆண்டுகள் கூட்டின் முன் குந்தியிருந்து பார்த்த பார்வையாலும் உருவாவது. சேவற்கொடியோனின் மலைக்கோயிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்வோர் கண்ணில் படாத இவ்வேலை, மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் புறக்கடைகளில் நாள்தோறும் நடக்கிறது.

இதில் மிகக் கடினமான பகுதி இளஞ்சேவலைப் பார்ப்பதுதான். பெட்டைக்கோழியின் நலத்தை அது இடும் முட்டை ஓரளவு காட்டிக்கொடுக்கும். குஞ்சின் சீக்கோ ஓரிரு நாளில் வெளிப்பட்டுவிடும். நான்கு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட சேவலில் இந்த அடையாளங்கள் உதவுவதில்லை. அந்தப் பருவத்தில் அதன் குரல் உடைந்து கூவத் தொடங்குகிறது, கொண்டையும் தாடியும் சிவந்து பருக்கின்றன, மூத்த சேவலோடு மோதி அடிபடுகிறது, கூட்டத்திலிருந்து விலகி அலைகிறது. ஆகவே வளர்ச்சியால் வந்த மாறுதல் எது, நோயால் வந்தது எது என்று பிரித்தறிவது எளிதன்று. கொண்டையை முதலில் பார்க்கும் வழக்கத்துக்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்னும் மருத்துவர், விதை நீக்கப்பட்ட இளஞ்சேவல்களின் கொண்டை சுருங்கிப்போவதையும், விதையை உடலின் வேறோரிடத்தில் பொருத்தினால் கொண்டை மீண்டும் வளர்வதையும் காட்டினார். இயக்குநீர் ஆய்வின் தொடக்கமாகக் கருதப்படும் அச்சோதனை, கொண்டை உடலின் உள்நிலையைப் புறத்தே காட்டும் உறுப்பு என்பதை மெய்ப்பித்தது. கொண்டை வெளுத்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்றும், நீலம் பாய்ந்தால் மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ இடர் என்றும், பருவம் வந்தும் சிறுத்தே இருந்தால் தீனி போதவில்லை அல்லது மூத்த சேவலின் அதட்டலில் அடங்கிக் கிடக்கிறது என்றும் இப்பெண்கள் கணிப்பது வெறும் நம்பிக்கையன்று.

1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதியில், பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. சேவல் ஒரு வாயில் சேவலாகவும் மறு வாயில் புஞ்சாகவும் இருக்கிறது. தமிழில் வெள்ளைக்கழிச்சல் எனப்படுவது தெலுங்கில் கொக்கெர. 1927இல் இந்தியாவில் கண்டறியப்பட்டு, இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத் நகரின் பெயரைப் பெற்ற அந்த நச்சுயிரி நோய், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றோடு ஒரு தெருவின் கோழிகளையே வாரிக்கொண்டு போகக்கூடியது. அதற்கான தடுப்பூசி மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் ஒன்று, 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், அண்டையிலுள்ள இராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. பெயர் ஒற்றுமை தற்செயலானது. கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதில் தயக்கம் காட்டக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நோயின் மீதுள்ள அச்சம் எவ்வளவு பெரிதென்றால், சேவல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நின்றாலே கழிச்சல் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். பெயர் சூட்டிய பிறகு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

களப்பணியின்போது பார்க்கக் கிடைத்த ஒரு செவலைச் சேவலின் நிலை இதற்குத் தக்க சான்று. ஐந்து மாதம் கடந்த அச்சேவல் ஒரு வாரமாகப் பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் போக மறுத்து, முருங்கை மரத்தில் ஏறி இராத்தங்கியது, கொண்டை மெழுகுபோல் வெளுத்திருந்தது, நடை தளர்ந்திருந்தது. வீட்டுக்காரரான இளைஞர் கழிச்சல் என்றே முடிவு கட்டியிருந்தார். அழைக்கப்பட்டு வந்தவர் அறுபது வயது கடந்த பக்கத்துத் தெருப் பெண்மணி. அடைவைக்கும் முட்டையும் வளர்ந்த கோழியும் விற்றே நெடுங்காலமாகப் பிழைப்பு நடத்துபவர்.

அவர் சேவலை உடனே பிடிக்கச் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி நொய்யை வாங்கி முற்றத்தில் வீசிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். செவலை ஆவலோடுதான் வந்தது. நான்காவது கொத்துக்குள் வீட்டின் மூத்த சேவல் அதை விரட்டிவிட்டது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை நிலவுவதையும், கடைசியில் நிற்பதற்குத் தீனியும் இடமும் கடைசியாகவே கிடைப்பதையும் நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப்–எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதி உலகறியச் செய்தார்; புறக்கடையில் அது எழுதாமலே தெரிந்த செய்தி. மெலிவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று இளைஞர் எண்ணினார். பெண்மணி அவ்வளவில் நிற்கவில்லை. விரட்டு வாங்கும் சேவல் இளைக்கலாம், இரவில் தன் கூட்டையே வெறுப்பதற்கு வேறொன்று இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அதன் பிறகே சேவல் கைக்கு வந்தது. இறக்கைகளை அணைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் முதலில் நெஞ்செலும்பைத் தடவினார். இறகின் செழிப்பு மறைத்துவைக்கும் மெலிவை அந்த எலும்பு மறைப்பதில்லை, சதை வற்றிய பறவையில் அது கத்தி முனைபோல் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டது. கழுத்தடியில் உள்ள இரைப்பை, அதாவது தின்ற தீனி முதலில் தங்கும் பை, மிருதுவாக இருந்தது; கல்போல் இறுகியிருந்தால் அடைப்பு, புளித்த வாடையோடு தளதளத்தால் செரிமானக் கேடு. வாயைத் திறந்து பார்த்ததில் மஞ்சள் படலம் இல்லை. வாலடி இறகுகள் உலர்ந்து சுத்தமாக இருந்தன. கழிச்சல் கண்ட கோழியில் அவை ஒட்டிப் பிசுபிசுத்திருக்கும். கால்கள் இரண்டும் சம வலுவோடு உதைத்தன. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு விழும் வாத நோய் இந்தப் பருவத்தில்தான் தாக்கும். அதை 1907இல் ஹங்கேரியின் யோசப் மாரெக் முதன்முதலில் விவரித்ததும் சேவல்களில்தான். அதுவும் இங்கில்லை. உடல் சூட்டைத் தொட்டுப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது: கோழியின் இயல்பான வெப்பமே 41 பாகை செல்சியசுக்கு மேல் இருப்பதால், மனிதர் கைக்கு எல்லாக் கோழியும் காய்ச்சல் கண்டதாகவே தோன்றும்.

இறக்கை அடியில் ஒன்றிரண்டு பேன் மட்டுமே அகப்பட்டன. கண்ணிமையின் உட்புறமோ வெளிறிக் கிடந்தது. அப்போது அவர் கேட்ட கேள்வி சேவலைப் பற்றியதன்று. அடைக்கோழி ஏதாவது அண்மையில் முட்டையை விட்டு எழுந்துவிட்டதா என்பது. எழுந்துவிட்டது, பத்து நாளாகிறது என்றார் இளைஞர்.

“பகல்ல பாத்தா என்னா தெரியும்ப்பா? ராத்திரி டார்ச் எடுத்துக்கினு வா, ஒரு வெள்ளத் துணியும் கொண்டா” என்றார் அவர்.

கூடு பழைய பலகைகளை ஆணியடித்துச் செய்தது. உள்ளே கோழிகள் ஏறி உட்கார ஒரு மூங்கில். இரவு ஒன்பது மணியளவில் மூங்கிலின் அடிப்பக்கமாகத் துணியை அழுத்தி இழுத்தபோது, வெள்ளையில் செம்புள்ளிகளும் நசுங்கிய இரத்தக் கோடுகளும் விழுந்தன. கோழிச்செள்ளு என்று ஊர் பொதுப்படச் சொல்லும் பூச்சிகளுள் இவ்வகை, பகலில் பறவையின் உடலில் தங்காமல் பலகை இடுக்கில் ஒளிந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் எத்தனை முறை இறகை விலக்கிப் பார்த்தாலும் அகப்படுவதில்லை. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்ததும் இதன் கடி தாங்காமல்தான். வெப்பக் காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய இதற்கு ஒரு வாரமே போதும்; இரத்தம் கிடைக்காமலே பல மாதம் உயிர்தாங்கவும் வல்லது. ஒரே கூட்டில் மற்றக் கோழிகள் ஓரளவு தாக்குப்பிடிக்க, செவலை மட்டும் இவ்வளவு வற்றியது ஏன் என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. மூத்த சேவலுக்கு அஞ்சி அது மூங்கிலின் கோடியில், பலகைகள் கூடும் மூலையை ஒட்டி உட்கார்ந்துவந்திருக்கிறது. செள்ளு மிகுதியாக மண்டியதும் அந்த மூலையில்தான். பகலில் பாதிப் பட்டினி, இரவில் இரத்தப்போக்கு என இரண்டும் ஒன்று சேர்ந்திருந்தன. மரத்தில் ஏறிப் படுத்தது கோணல் புத்தியன்று. அந்தச் சேவலுக்குக் கிடைத்திருந்த ஒரே தப்பிப்பு.

மறுநாள் கூடு வெயிலுக்கு வந்தது. இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசி, மூங்கிலை எரித்துப் புதியது மாட்டினார்கள். தரையில் நொச்சித் தழை பரப்பப்பட்டது. சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று, கோழிகள் புரண்டு குளிப்பதற்காக வெட்டப்பட்டது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சேவலின் மேல் பூசலாமா என்று இளைஞர் கேட்டதற்குப் பெண்மணி கடுமையாக மறுத்தார். அது செள்ளைக் கொல்வதற்குமுன் சேவலைக் கொல்லக்கூடும் என்பதால் அம்மறுப்பு முற்றிலும் சரியானது. குடற்புழுவும் கொண்டையை வெளுக்கச் செய்யும் என்பதால், எச்சத்தை அரசுக் கால்நடை மருந்தகத்தில் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னதும் அவரே. சேவலுக்கு மட்டும் தனியே, பஞ்சாரத்துக்குள் வைத்து, கம்பும் முருங்கைக்கீரையும் இருவேளை தரப்பட்டன.

கொதிநீருக்குத் தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்பதால் எட்டாம் நாள் இரவு மறுபடியும் துணி இழுக்கப்பட்டது. மூன்று புள்ளிகள் இருந்தன. மறுநாள் காலை அடுப்பில் மீண்டும் அண்டா ஏறியது. செவலை இன்னமும் முருங்கை மரத்தில்தான் இருந்தது.