பதினைந்து வயதின் பொன்

பனிச்சறுக்கு நடனம் கலையும் விளையாட்டும் ஒருங்கிணைந்த துறை. அந்தரத்தில் மும்முறை சுழன்று இறங்குதல் சிறிய, மெலிந்த உடலுக்கு எளிது. ஆதலின் இளமையே அத்துறையின் மூலதனமாயிற்று.

ரஷ்ய நாட்டு யூலியா லிப்னிட்ஸ்காயாவின் வாழ்வு இதற்குச் சான்று. நான்கு வயதிற் பயிற்சி தொடங்கியவர் அவர். 2014 பெப்ரவரியில், சோச்சி ஒலிம்பிக்கில், 'ஷின்ட்லரின் பட்டியல்' திரைப்பட இசைக்குச் செவ்வாடையணிந்து ஆடியபோது அவருக்கு வயது 15. அப்படத்தில் நாஜிகளுக்கு இரையாகும் செவ்வாடைச் சிறுமியை அவ்வாட்டம் நினைவூட்டிற்று. குழுப்போட்டியில் ரஷ்யா பொற்பதக்கம் பெற்றது. சில நாள்களின் பின் நிகழ்ந்த தனிப்போட்டியில் அவர் தவறி வீழ்ந்தார், ஐந்தாமிடமே கிட்டியது.

பின்னர் அவர் உடல் வளர்ந்தது. ஏனைய சிறுமியர்க்கு இயல்பான வளர்ச்சி அவருக்கு இடராயிற்று. உணவை வெறுக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்ற அவர், 2017இல், 19ஆம் வயதில், போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

2022இல் சர்வதேச சறுக்கல் ஒன்றியம் முதியோர் பிரிவிற்குரிய குறைந்த வயதை 15இலிருந்து 17ஆகப் படிப்படியாக உயர்த்தத் தீர்மானித்தது. வரவேற்கத்தக்க விதி இது. ஆயினும், போட்டியிற் புகும் வயதையே அது மாற்றும். பயிற்சி தொடங்கும் வயதையன்று. சிறுமியின் ஆற்றலுக்குக் கரவொலி எழுப்பும் அரங்கு, அவள் வளர்ந்த பின்னும் அவளுக்கு இடமளித்தல் வேண்டும். அதுவரை அப்பொன்னின் விலையைக் குழந்தைகளே செலுத்துவர்.