தலையை ஆட்டினால் போதாது

காரில் ஏறி உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிற பேர்வழி நான். ஆகவே என் தங்கை, "நாளைக்கு லரேடோவிலே எனக்கு வேலை. பேச்சுத் துணைக்கு வரீங்களா அண்ணா?" என்று கேட்டபோது, துணைக்கு ஆள் பார்க்கத் தெரியாத பெண் என்றே எண்ணிக்கொண்டேன். இருந்தாலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவளுடன் புறப்பட்டேன்.

தங்கை என்றால் சித்தியின் மகள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸான் அன்டோனியோ நகரில் இருக்கிறாள். கோர்ட்டு ரிப்போர்ட்டர் உத்தியோகம். பத்திரிகை நிருபர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஊரில் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, இரு தரப்பு வக்கீல்களும் சாட்சியை ஓர் ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிடுகிறார்கள். நீதிபதி இருக்கமாட்டார். சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைப்பவளும் இவள்தான். அதற்குப் பிறகு அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுபவளும் இவள்தான். எந்தக் கோர்ட்டிலும் மாதச் சம்பளம் இல்லை. கூப்பிட்ட ஊருக்குப் போக வேண்டும். எழுதின பக்கத்துக்குக் கூலி. பக்கத்துக்கு 25 வரி.

"அப்படியானால் வளவள என்று பேசுகிற சாட்சி கிடைத்தால் உனக்கு லாபம்!" என்றேன்.

"லாபந்தான். ஆனா கை வலிக்கும்" என்றாள்.

லரேடோ, மெக்ஸிகோ எல்லையில், ரியோ கிராண்டே நதிக்கரையில் இருக்கிறது. சுமார் 250 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2020-ல் தொற்று நோய் வந்த பிறகு வேலையில் பாதி கம்ப்யூட்டர்த் திரை வழியாகவே நடந்துவிடுகிறதாம். மீதிப் பாதிக்கு இந்தச் சாலைதான். பஞ்சருக்கு என்று ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறாள். வக்கீல் தாமதமாக வரலாம். சாட்சி தாமதமாக வரலாம். இவள் தாமதமானால் பிரமாணமே கிடையாது. சில நாள் பாதி வழியில் போன் வரும்: கட்சிக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள், திரும்பிப் போகலாம் என்று. ஊரில் இரண்டு பேர் சண்டையை விட்டார்களே என்று சந்தோஷப்படுவதா, பெட்ரோலுக்காக வருத்தப்படுவதா என்று தெரியாது என்றாள்.

பின் ஸீட்டில் அவளுடைய யந்திரம் பெட்டிக்குள் இருந்தது. 22 கட்டைகள். ஆர்மோனியத்தில் சுருதி பிடிப்பது போலப் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் அசை பதிவாகும். எழுத்தை அல்ல, ஒலியைப் பதிப்பது. லைசென்ஸ் பரீட்சைக்கு, கேள்வியும் பதிலுமாக நிமிஷத்துக்கு 225 வார்த்தை எழுத வேண்டும். நான் அவ்வளவு வேகத்தில் நினைப்பதுகூட இல்லை.

ஒலியை எழுதும் வித்தை அவளுக்குப் புதிதல்ல. கும்பகோணத்தில் நாங்கள் இருவரும் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் பிட்மன் சுருக்கெழுத்துப் படித்தவர்கள். நான் லோயரிலேயே தவறினேன். அவள் ஹையரும் தேறினாள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இரைவதைக்கூட விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டு வருவாள். இப்போதும் பார்த்தேன், நான் பேசப் பேச, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மெள்ள அசைந்துகொண்டிருந்தன. எனக்கு ஏனோ பேச்சு குறைந்துவிட்டது.

தூக்கம் வராமல் டிக்கன்ஸை நினைத்துக்கொண்டேன். பெரிய நாவலாசிரியராவதற்கு முன், 1829 வாக்கில், லண்டன் கோர்ட்டுகளில் சம்பளமில்லாச் சுருக்கெழுத்தாளராகக் கூலிக்கு எழுதினவர் அவர். பிறகு பத்திரிகைக்காக ராத்திரி முழுவதும் குதிரை வண்டியில் ஓடி, குலுங்குகிற வண்டிக்குள் லாந்தர் வெளிச்சத்தில், உள்ளங்கைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதினாராம். 1865-ல் ஒரு கூட்டத்தில் அவரே ஆசையோடு நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மணிக்கு 15 மைல் அதிசய வேகம். நாங்கள் 75-ல் போய்க்கொண்டிருந்தோம். பியர்சால் என்ற ஊரில் நிலக்கடலைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலை வைக்க நம்மிடமில்லாத யோசனை!

லரேடோவில் ஒன்பது மணிக்கு அவள் உள்ளே போனாள். எனக்கு அனுமதி இல்லை. ஸான் அகஸ்டின் சதுக்கத்தில், மாதா கோயிலுக்கு எதிரே மரத்தடிப் பெஞ்சியில் உட்கார்ந்து, ஸ்பானிஷ் பேசும் கிழவர்களைப் பார்த்தபடி பொழுதைக் கழித்தேன். மூன்று மணிக்கு மேல் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

கார் நகர்ந்ததும் ஆரம்பித்தேன். "யார் சாட்சி? என்ன வழக்கு?"

"அது நான் சொல்லக் கூடாது."

"பேர் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்லேன்."

"அண்ணா!"

சற்றுப் பொறுத்து அவளாகவே சொன்னாள்: "ஒரு கேள்விக்கு அந்த மனுஷர் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டல் எனக்குக் காதிலே விழாது. வாயால சொல்லுங்கன்னு நான்தான் கேட்கணும். மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானிஷ்லே சொன்னார். வாயாலே சொல்றதுக்கு அவருக்கு ரொம்ப நேரமாச்சு." அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் எழுத்து வரவில்லை.

ஊரை விட்டு 29 மைல் வந்ததும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, "இந்தியாவிலிருந்து வருகிறீர்களா?" என்றார். நான் நம் வழக்கப்படி தலையை ஒரு பக்கமாக அசைத்தேன். அவர் விழித்தார். "அண்ணா, வாயாலே சொல்லுங்க" என்றாள் தங்கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சிரித்தது நல்லதாகப் போயிற்று. மறுபடி வழக்கைப் பற்றித் தூண்டிப் பார்த்தேன். "ஊர் பேரை மாற்றிவிடுவேன். யாருக்கும் அடையாளம் தெரியாது."

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் பேரையும் மாத்தித்தான் எழுதினீங்க."

எனக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது.

இருபது வருஷத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோயிற்று. அதை நான் கதையாக எழுதினேன். தந்தியைப் போன்ற ஒரு செய்தி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். பரிசு கிடைத்தது. அந்த அழுகையைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அவள் படித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். படித்தாயா என்று இதுவரை கேட்டதில்லை.

"அன்னிக்கு நான் அழலை அண்ணா. ஹையர் பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. கிளாஸுக்கு நேரமாச்சுன்னு செருப்பைப் போட்டுண்டு கிளம்பிட்டேன். நீங்க திண்ணையிலேதான் இருந்தீங்க. பார்த்தீங்க."

பார்த்தேன். செருப்புச் சத்தங்கூட நினைவிருக்கிறது. அது கதைக்கு உதவாது என்று அப்போது தோன்றியது.

"இந்த ஊர்லே சாட்சிக்கு இருபது நாள் அவகாசம் உண்டு" என்றாள். "நான் எழுதினதைப் படிச்சுப் பார்த்து, தப்பிருந்தா சொல்லலாம். எழுதினதை அழிக்க முடியாது. தனியா எழுதித் தரணும்: எந்தப் பக்கம், எந்த வரி, என்ன மாத்தணும், என்ன காரணம்."

"எனக்குக் கோபமில்லைம்மா, திட்டு" என்றேன்.

"திட்டறதுக்கு இல்லை. அந்தப் பெட்டியிலே நோட்டு இருக்கு, எடுங்க."

எடுத்தேன். என் தொகுதியில் 43-ஆம் பக்கம், கீழேயிருந்து மூன்றாவது வரி என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "அழுதாள்" என்பதற்குப் பதில் "செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்."

"காரணம்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். மேற்கே வெயில் சாய்ந்து, முட்புதர்க் காடு முழுவதும் சிவந்து கிடந்தது. "ஆசிரியர் திண்ணையில் இருந்தார். அப்படின்னு போடுங்க."

போட்டேன். நிலக்கடலைச் சிலை இருக்கிற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினாள். நோட்டை வாங்கி, கார் முகப்பின்மேல் வைத்து, அடியில் பிட்மனில் ஏதோ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வரியை லோயரில் தவறியவனால் படிக்க முடியவில்லை. நான் கேட்கவுமில்லை.