குறி எங்கே?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், மலையகச் செய்தியொன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆங்கிலப் பெயரில், 'எஸ்' எழுத்துக்கு முன்னால் உடைமைக் குறியை இட்டிருந்தேன். பிரதியைப் பார்த்த முதிய துணையாசிரியர், "தம்பி, ஒரேயொரு தொழிலாளிக்கா இந்தச் சங்கம்?" என்று கேட்டார்.

அன்று கற்றது இதுதான். 'எஸ்' சேர்ந்து பன்மையான சொல்லில், உடைமைக் குறி அந்த 'எஸ்'ஸுக்குப் பின்னால் வரும்; இன்னொரு 'எஸ்' வேண்டாம். பெண்களைக் குறிக்கும் 'விமென்' போல, 'எஸ்' இல்லாமலே பன்மையாகும் சொல்லுக்குக் குறியை இட்டு 'எஸ்' சேர்க்க வேண்டும். தமிழிலும் வரிசை அதுவே: 'தொழிலாளர்கள்' என்று பலராக்கிய பின்பே 'இன்' சேர்கிறது.

1854இல் தோட்டத் துரைமார் தொடங்கிய சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே குறி, அதே இடத்தில். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் 1950இல் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரைச் சூடியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்த காலம் அது.

இலக்கணத்தில் துரைமாரும் தொழிலாளரும் சமம். ஹட்டன், நுவரெலியா லயன்களை ஆங்கிலத்தில் 'தொழிலாளர்களின் வீடுகள்' என்று எழுதும்போது, குறியை எங்கே இடுவது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. ஆனால் தலைமுறைகளாகக் குடியிருந்தும், அந்த லயக் காம்பராக்களுக்கான உறுதி இன்னும் பெரும்பாலோர் கையில் இல்லை. குறியைச் சரியான இடத்தில் இட்டுவிட்டுத்தான் பேனா சற்றுத் தயங்குகிறது.